இறக்கி வைத்தவை

பத்தொன்பதாவது நாள் பின்னேரம், உறைந்த ஏரிக்கு நடுவில் செத்துப்போனேன். மீன்பிடிக் குடிசை கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் நின்றது. உள்ளே அடுப்பும் இருந்தது. பனிப்புயல் தொடங்கிவிட்டதே, ஓடுவோம் என்று பொத்தானை அழுத்தினால் கால் நகர்ந்து நகர்ந்துதான் போகிறது. தோளில் 41 கிலோ. ஆட்டம் விடுவது 30.

புறப்பட முன்னமே மகன் என் பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னவன். அவனுக்கு வயது பதினாலு.

"அப்பா, கோடாலி ரெண்டு கிடக்கு. ரெண்டு என்னத்துக்கு?"

"ஒண்டு உடைஞ்சா?"

"உடையேக்க பாக்கலாம்தானே. தண்ணி ஏழு லீற்றர்! சுத்திவரப் பனி. உருக்கினாத் தண்ணி. ஏழு கிலோவைச் சும்மா காவிக்கொண்டு திரியிறீங்கள்."

அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. இந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். பத்தொன்பது நாள் சேர்த்த எல்லாம் அதோடு அழிந்துபோகும். திரும்ப முதலாம் நாள்.

ஆட்டத்தின் பெயர் 'த லோங் டார்க்'. வன்கூவர் தீவில் ராஃபேல் வான் லீரொப் என்பவர் தொடங்கிய ஹின்ரர்லாண்ட் என்ற சிறிய நிறுவனம் செய்தது. கனடாவின் வடக்கே ஒரு கற்பனைத் தீவு. வானத்தில் ஏதோ காந்தப் புயல் அடித்து மின்சாரம் எல்லாம் செத்துப்போயிருக்கும். பேய் பிசாசு கிடையாது. குளிர், பசி, தாகம், களைப்பு, ஓநாய், கரடி, இவ்வளவும்தான் எதிரிகள். இவற்றுக்கு மேலே ஒரு எதிரி, நீங்களே கட்டிக்கொண்ட பை. உடுத்திருக்கிற உடுப்புக்கும் கனம் உண்டு. களைத்தால் காவக்கூடிய அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஐந்து கிலோ கூட்டித் தருவார்கள். பச்சை இறைச்சி பையில் இருந்தால் கனம் ஒரு பக்கம், அதன் வாடைக்கு ஓநாய் வருவது இன்னொரு பக்கம்.

எனக்கு இரவு வேலை. ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறேன். அங்கே சுவரில் ஒரு எண் ஒட்டியிருக்கிறது: 23 கிலோ. அதற்கு மேலே என்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள், எல்லாம் வசதியாக இருக்கும்போது ஒருவர் தூக்கலாம் என்று வைத்த மேல்வரம்பும் இந்த 23தான். கொழும்புக்குப் பறக்கிற எந்தக் கனடாத் தமிழருக்கும் இந்த எண்ணை நான் விளக்கத் தேவையில்லை. குளியலறைத் தராசில் பெட்டியை ஏற்றி, இறக்கி, சொக்கலேற்றை எடுத்துக் கைப்பைக்கு மாற்றி, திரும்ப ஏற்றி, நள்ளிரவில் வீடே சண்டை பிடிக்கிற எண் அது. ஆகவே கனம் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். செத்த பிறகு யோசித்தேன்: 30 என்று இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?

விளையாட்டில் கனம் பார்க்கிற வழக்கம் கொம்பியூட்டருக்கு முந்தியது. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' காகிதத்தில் ஆடுகிற ஆட்டம். அதில் வாள், கேடயம் எல்லாவற்றின் கனத்தையும் தங்கக் காசில் எழுதினார்கள். பத்துக் காசு ஒரு இறாத்தல். புதையல் எடுக்கப் போகிறவன் மனத்தில் ஓடுகிற கணக்கு அதுதானே. மினசோட்டாவில் மூன்று ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் 1971இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய 'ஒரிகன் ரெயில்' பிற்பாடு 1985இல் படங்களோடு வந்தபோது, நீங்கள் எத்தனை காட்டெருமை சுட்டாலும் வண்டிக்குக் கொண்டுபோக விட்டது 100 இறாத்தல் இறைச்சிதான். மீதி அங்கேயே கிடந்து அழுகும். ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் பேராசை என்றால் என்ன என்று படித்தது அந்த வரியில். 1987இன் 'நெட்ஹாக்' சுமையைப் பல படியாகப் பிரித்தது: கனக்கிறது, திணறுகிறது, இனி முடியாது என்று. 1992இல் பின்லாந்தில் ஒருவர் தொடங்கிய 'அன்ரியல் வேர்ல்ட்' காட்டுக்குள் தனியாகப் பிழைப்பதையே முழு ஆட்டமாக்கியது. இவற்றை நான் ஆடியதில்லை, 'ஒரிகன் ரெயில்' தவிர. மகனுக்கோ அதைப் பார்த்தால் சிரிப்பு.

ஆனால் 30 கிலோவின் பூர்வீகம் ஆட்டங்களில் இல்லை, இந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது தண்டர் பேயில். குடும்பமாகக் காரில் மேற்கே போனபோது அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிற வில்லியம் கோட்டைக்குப் போனோம். மென்மயிர் வியாபாரக் காலத்துக் கோட்டை. பழைய உடுப்புப் போட்ட ஒரு பெடியன் வருகிறவர்களை ஒரு பொதியைத் தூக்கிப் பார்க்க விட்டான். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மொன்றியலில் இருந்து வள்ளத்தில் வந்த பிரெஞ்சுத் துடுப்புக்காரர்கள், வொயாஜர்கள், காவிய பொதி. ஒன்று 90 இறாத்தல். கிலோவில் 41.

நான் செத்த அதே கனம். அவர்களுக்கு அது பாதிச் சுமை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில், நீர் வீழ்ச்சி வருகிற இடங்களில், வள்ளத்தை வெறுமையாக்கிச் சாமானைக் காவிக் கடக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நடைக்கு இரண்டு பொதி. நெற்றியில் ஒரு தோல்பட்டை, அதன் இரு முனையும் முதுகுக்குப் பின்னால் முதல் பொதியைக் கட்டியிருக்கும். இரண்டாவது அதற்கு மேலே சும்மா ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த நெற்றிப்பட்டையும் வள்ளமும் பனிச்சப்பாத்தும் இந்த மண்ணின் ஆதிக்குடிகளிடம் கற்றவை. குனிந்துகொண்டு, நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில் போவார்களாம். குடலிறக்கம் அவர்களின் தொழில் நோய்.

எனக்குப் பிடித்தது அவர்கள் தூரம் அளந்த முறை. அரை மைலுக்குக் கொஞ்சம் கூடக் குறைய நடந்து, பொதியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்ததை எடுத்து வருவார்கள். அப்படி இறக்குகிற இடத்துக்குப் பெயர் 'போஸ்'. காவுபாதைகளின் நீளத்தை மைலில் சொல்லவில்லை, போஸில் சொன்னார்கள். சுப்பீரியர் ஏரிக் கரையில் இருக்கிற கிராண்ட் போர்ட்டேஜ் எட்டரை மைல். அவர்கள் கணக்கில் 16 போஸ். எங்கள் ஊர்த் தெருக்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இவர்கள் களைப்பையே மைல்கல்லாக நட்டிருக்கிறார்கள்.

நான் தூக்கினேனா என்றால், தூக்கினேன். பத்து அடி. மனைவி "இஞ்சாருங்கோ, காணும்" என்றா.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் நூலகத்தில் வடக்கைப் பற்றிய புத்தகங்கள் எடுக்கத் தொடங்கினேன். வடக்கின் கதை என்றால் எல்லாரும் முதலில் ஃபிராங்ளினிடம்தான் போவார்கள். 'த லோங் டார்க்' முதன்முதல் விற்பனைக்கு வந்தது 2014 செப்டெம்பர் 22. அதே மாதத் தொடக்கத்தில்தான் கனடாக்காரர்கள் ஃபிராங்ளினின் 'எரெபஸ்' கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்திருந்தார்கள். மற்றக் கப்பல் 'ரெரர்' 2016இல் கிடைத்தது.

1845இல் ஃபிராங்ளின் தலைமையில் இங்கிலாந்தில் இருந்து வடமேற்குக் கடல்வழி தேடிப் போன இரண்டு கப்பல்கள் அவை. போனவர்களில் 129 பேர் திரும்பவில்லை. இரண்டு கப்பலும் கிங் வில்லியம் தீவுக்குப் பக்கத்தில் பனியில் இறுகிவிட்டன. 1847 ஜூனில் ஃபிராங்ளின் இறந்தார். 1848 ஏப்ரல் 22 அன்று, உயிரோடு இருந்த 105 பேரும் கப்பலைக் கைவிட்டுத் தெற்கே ஒரு ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

1859இல் மக்ளின்டொக்கின் தேடுதல் அணி அவர்களுடைய படகு ஒன்றைக் கரையில் கண்டது. ஓக் மரச் சறுக்குவண்டியில் ஏற்றிய 28 அடிப் படகு. படகும் வண்டியும் மாத்திரம் 1,400 இறாத்தல், ஏறத்தாழ 635 கிலோ. அதற்குள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே கிடந்தவை: பட்டுக் கைக்குட்டை, வாசனைச் சவர்க்காரம், பல் துலக்கும் தூரிகை, வீட்டுச் செருப்பு, ஈயத் தகடு, ஆணி, அரம், வேதப் புத்தகங்கள், ஒரு நாவல், வெள்ளிக் கரண்டியும் முள்ளுமாக 26. சாப்பாடு என்று இருந்தது தேயிலையும் 40 இறாத்தல் அளவு சொக்கலேற்றும். இறைச்சி இல்லை, பிஸ்கற் இல்லை. படகின் முகம் வந்த வழியே, கப்பல் பக்கம், திரும்பி நின்றது.

இந்தப் பட்டியலை எழுதுகிற ஒவ்வொருவரும் வெள்ளிக் கரண்டியில் வந்து சிரிக்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள், டின் சாப்பாட்டின் ஈயம் மூளைக்கு ஏறிவிட்டது என்கிறார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினேழு வயது. கோண்டாவிலில் இருந்து நாவற்குழிப் பாலத்துக்குத் தூரம் என்று ஒன்றும் இல்லை. அன்றைக்கு மழை, இலட்சக்கணக்கான சனம், ஒரே ஒரு ஒடுங்கின பாதை. விடிய விடிய நடந்தோம். அப்பா சைக்கிள் கரியரில் தண்ணீர் இறைக்கிற மெசினைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வெங்காயத் தோட்டம் இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாதா? அம்மா குத்துவிளக்கைக் கழற்றிச் சீலையில் சுற்றினா. அவசரத்தில் எடுத்தது அடிப்பாகம் மட்டும். தலைப்பாகம் சாமியறையிலேயே நின்றுவிட்டது. அரை மூட்டை அரிசி குசினியில் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. மூன்றாம் நாள் மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில், பசியோடு, மெசினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஈயம் ஏறியிருக்கவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாதவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்குத்தான் பொதி கட்டுவான். ஃபிராங்ளினின் ஆட்கள் கட்டியது இங்கிலாந்துக்கு.

அவர்கள் செத்த கரையில் காலம் காலமாகச் சனம் வாழ்ந்தது என்பதுதான் இதில் மறக்கப்படுகிற விசயம். இனுயிட் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு அங்கே போய்வந்தன. அவர்களிடம் படித்த ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். ஜோன் ரே, ஓர்க்னி தீவுக்காரர், ஹட்சன் பே கம்பனியின் வைத்தியர். கூடாரம் காவ மாட்டார். பின்னேரமானால் பனிக்கட்டியை வெட்டி வீடு கட்டிப் படுப்பார், காலையில் விட்டுவிட்டுப் போவார். அதில் நுட்பமான ஒரு கணக்கு இருக்கிறது. கூடாரத்துக்குள் படுத்தால் ஆள் விடுகிற மூச்சு போர்வையிலும் துணியிலும் உறைந்து, ஒவ்வொரு நாளும் சுமை கூடிக்கொண்டே வரும். பனிவீட்டில் அந்த ஈரம் சுவரோடு போய்விடும். சாப்பாட்டைத் துவக்கால் தேடிக்கொண்டார். 1844 – 45 குளிர்காலத்தில் பனிச்சப்பாத்தோடு இரண்டு மாதத்தில் 1,200 மைல் நடந்தார் என்று எழுதியிருக்கிறார்கள்.

1854இல் ஃபிராங்ளின் ஆட்களின் முடிவு பற்றிய முதல் செய்தியைக் கொண்டுவந்ததும் ரேதான். இனுயிட் மக்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்; அவர்களிடம் இருந்து அந்த வெள்ளிக் கரண்டிகளில் சிலவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டும் போனார். கடைசியில் பசி தாங்காமல் மனித இறைச்சி தின்றார்கள் என்று அவர் சொன்னதை லண்டன் மன்னிக்கவில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் எதிர்த்து எழுதினார். பரிசுப்பணம் 10,000 பவுண் கொடுத்தார்கள், 'சேர்' பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் எலும்புகளில் கத்தித் தடம் கண்டபோது ரே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஆட்டத்தின் மேல் ஒரு குறை. அந்தத் தீவில் தனியாகப் பிழைக்கிற ஆட்டத்தில் ஆளைக் காண முடியாது. வெறும் வீடுகள், உறைந்த பிணங்கள். வடக்கு என்றால் ஆளில்லாக் காடு என்ற பழைய கற்பனை அது. கேட்டுப் படிக்க ஒருவர் இல்லாதபடியால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தடவை சாக வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த ஒரு சேர்க்கையில் சமவெளி ஆதிக்குடிகள் நாயில் பூட்டி இழுத்த சில்லில்லாத இழுவைவண்டியை, ட்ராவோயை, ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வண்டி வந்தது, அதைச் செய்தவர்கள் வரவில்லை.

இனிச் சில்கூட் கணவாய். 30 கிலோவுக்குக் கிட்டிய எண்ணை நான் அங்கேதான் கண்டேன்.

1896 ஓகஸ்டில் யூக்கொனில் கிளொண்டைக் பக்கம் ஒரு ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடம் ஜூலையில் தங்கத்தோடு கப்பல் சியற்றிலுக்கு வந்து சேர, ஒரு இலட்சம் பேரளவில் வடக்கே கிளம்பினார்கள். கடை எழுதுவினைஞர், பள்ளிக்கூட வாத்தியார், தையற்காரர். பெரும்பாலானோர் மலை கண்டதில்லை. அலாஸ்காவில் டையீ என்ற கரையில் இறங்கி, சில்கூட் கணவாயைக் கடந்து, பெனற் ஏரிக்குப் போக வேண்டும். 33 மைல், 53 கிலோமீட்டர்.

குறைவாகக் கட்டு என்று எல்லாப் பயணத்துக்கும் புத்தி சொல்லுவார்கள். இங்கே சட்டம் நேரெதிர். உச்சியில் கனடாவின் வடமேற்குக் குதிரைப் பொலீஸ் நின்றது. ஒரு வருடத்துக்கு வேண்டிய சாப்பாடு இல்லாதவனை உள்ளே விடாது. அந்தக் குளிருக்கு, தங்கம் தேடிப் போனவர்கள் கூடிய டோசன் ஊரே பட்டினிப் பயத்தில் இருந்தது. சாப்பாடு மட்டும் 1,150 இறாத்தல் வரை. கூடாரம், அடுப்பு, மண்வெட்டி, மரம் அரிகிற வாள், ஆணி எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு ஒரு தொன். கொடுமை என்று புலம்பியவர்கள் உண்டு. என் கணக்கில் பொலீஸ் செய்தது சரி. காட்டைத் தெரியாதவனிடம் ரேயைப் போல வேட்டையாடித் தின் என்று சொல்ல முடியாது. அவனுக்கு மூட்டைதான் அறிவு.

பழக்கமில்லாத ஒருவன் அந்தச் சரிவில் காவியது ஒரு நடைக்கு 50, 60 இறாத்தல். அதாவது 23இல் இருந்து 27 கிலோ. விமானக் கம்பனிக்கும் என் பண்டகசாலைச் சுவருக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ மனித முதுகு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு தொன்னை 60, 60 இறாத்தலாகப் பிரித்தால் முப்பத்துச் சொச்சம் நடை. ஒவ்வொரு நடைக்கும் வெறுங்கையோடு திரும்பி வரவும் வேண்டும். ஒரு மைல் முன்னேற 65 மைலளவு நடை. முழுப் பாதையையும் முதுகிலேயே காவினால் 3,400 கிலோமீட்டர். தட்டையான இடங்களில் சறுக்குவண்டி, குதிரை, பிறகு சரிவில் கம்பிவடம் என்று குறைத்துக்கொண்டார்கள் என்றாலும், பலருக்குக் கடைசிச் சரிவு கால்தான். பனியில் 1,500 படி வெட்டியிருந்தார்கள். ஒற்றை வரிசை. வரிசையை விட்டு விலகினால் திரும்ப நுழைய எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ தெரியாது. எரிக் ஹெக் 1898இல் எடுத்த படங்களில், வெள்ளைச் சுவரில் எறும்பு ஏறுவது போலக் கறுப்பாக ஒரு கோடு தெரியும்.

அந்தப் படிகளின் அடிவாரத்துக்குப் பெயர் 'ஸ்கேல்ஸ்', தராசு. கூலிக்குக் காவுகிறவர்கள் அங்கே பொதியைத் திரும்ப நிறுத்து, செங்குத்துக்குத் தனிக் கூலி கேட்பார்கள். கூலிக்காரர் பலர் ட்லிங்கிட் மக்கள். தங்கம் தேடி வந்தவர்களுக்கு முன்பு அந்தக் கணவாய் அவர்களுடைய வியாபாரப் பாதை. மீன் எண்ணெய் காவிப்போய் உள்நாட்டில் மென்மயிர் வாங்கி வந்தவர்கள். 100 இறாத்தலைச் சாதாரணமாகக் காவினார்கள். வழியில் வேறொருவன் கூடத் தருகிறேன் என்றால் முதல் பொதியை அதே இடத்தில் வைத்துவிட்டு அவனுடையதை எடுப்பார்களாம். தங்கக்காரர்கள் இதை ஏமாற்று என்று எழுதி வைத்தார்கள். எனக்கு அது நல்ல வியாபாரமாகத்தான் தெரிகிறது.

தராசில் நின்றுதான் ஒவ்வொருவனும் தன் மூட்டையைத் திரும்பப் பார்த்தான். சிலர் அங்கேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பலர் சிலதை இறக்கி வைத்தார்கள். 1898 ஏப்ரல் 3 அன்று பனிச்சரிவு அறுபதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. தப்பிப் போய்ச் சேர்ந்த பெரும்பாலானோர் டோசனில் கண்டது, நல்ல நிலமெல்லாம் முந்தியே பதிவாகிவிட்டதை. 1899இல் பக்கத்துக் கணவாயால் ரயில் பெனற் ஏரிக்கு வந்ததும் சில்கூட் பாதையில் ஆள் நடமாட்டம் நின்றது.

நான் இப்போது அறுபத்தோராம் நாளில் இருக்கிறேன். பையில் 24 கிலோ. கோடாலி ஒன்று. தண்ணீர் ஒரு லீற்றர். வழியில் மூன்று குடிசைகளில் விறகும் இறைச்சியும் பிரித்து வைத்திருக்கிறேன். வொயாஜர் பாணி, மகனுக்கு அந்தப் பெயர் தெரியாது. "இப்பதான் அப்பாவுக்கு விளங்குது" என்றான். அடுத்த கோடைக்கு நானும் அவனும் சில்கூட்டை நடந்து பார்ப்பதாக இருக்கிறோம். பை கட்டுகிற பொறுப்பு அவனுக்கு.

பாதை நெடுகப் பழைய சாமான்கள் இன்னும் கிடக்கின்றன: துருப்பிடித்த அடுப்பு, சப்பாத்து அடி, கம்பிவடம். உச்சிக்கு அருகே, மடக்கிக் கொண்டுவந்த கன்வஸ் படகுகள் விரிக்கப்படாமலே குவியலாகக் கிடக்கின்றன. எல்லையின் இரண்டு பக்கமும் இப்போது காவலில் உள்ள வரலாற்று நிலம். அங்கிருந்து ஒரு ஆணியை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம்.